அக்டோபர் 2: சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை ஒரு தேதியின் பின்னால்

செப்டம்பர் 28, சென்னை

நாட்காட்டியில் அக்டோபர் 2-க்கு நேரே சிவப்பு எழுத்தில் காந்தி ஜெயந்தி என்று போட்டிருப்பார்கள். சிலவற்றில் அதன் கீழே பொடி எழுத்தில் லால் பகதூர் சாஸ்திரி பிறந்தநாள். இன்னும் இடம் மிச்சமிருந்தால் காமராஜர் நினைவு நாள். காந்தி 1869-இல் போர்பந்தரிலும் சாஸ்திரி 1904-இல் முகல்சராயிலும் பிறந்த தேதி அது. காமராஜர் 1975-இல் சென்னையில் கண்மூடியதும் அதே தேதியில்தான். மூத்தவர் ஒருவருக்கு விசேஷம் நடக்கிற வீட்டில் மற்றவர்களைக் கவனிக்க ஆள் இருக்காது. மற்ற இருவருக்கும் ஆண்டுதோறும் அதுதான் நடக்கிறது.

அதனால் இந்த முறை அந்தக் கட்டத்துக்குள் இருக்கிற மூவரையும் அவரவர் இடத்தில் போய்ப் பார்த்துவிட்டு, இரண்டாம் தேதி நண்பகலில் கன்னியாகுமரி காந்தி மண்டபத்தில் நிற்பது என்று முடிவு செய்தோம். காந்தியின் அஸ்தி வைக்கப்பட்டிருந்த பீடத்தின் மேல் அன்றைக்கு வெயில் விழும்படி கட்டிய மண்டபம் அது. கூட வருவது அக்கா. புவியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். "அந்த வெயில் கணக்கை நானே போட்டுப் பார்க்கணும்டா" என்று நோட்டும் பேனாவுமாகக் கிளம்பிவிட்டார்.

காலையில் முதலில் போனது பெரம்பூர் ஐ.சி.எஃப். பக்கத்தில் உள்ள ரயில் அருங்காட்சியகம். தொடங்கும் இடம் அதுவாக இருக்கட்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையைப் பிரதமர் நேரு திறந்துவைத்தது 1955 அக்டோபர் 2-இல். அன்று சென்னை மாநில முதல்வர் காமராஜர். மத்திய ரயில்வே அமைச்சர் சாஸ்திரி. சாஸ்திரிக்கு அன்றுதான் 51 வயது நிறைந்தது. காந்தியின் பிறந்தநாள் என்பதால் தேர்ந்தெடுத்த நாளாகத்தான் இருக்கும். ஆனால் ரயில்வே அமைச்சரின் பிறந்தநாளில் ரயில் பெட்டித் தொழிற்சாலை திறந்தது என்று யாராவது எங்காவது சொல்லிக் கேட்டிருக்கிறோமா? சுவிட்சர்லாந்துத் தொழில்நுட்பத்தோடு தொடங்கிய அந்தத் தொழிற்சாலையின் பெட்டிகளில்தான் இந்த நாடு பல பத்தாண்டுகள் பயணம் செய்தது. நீல நிறப் பழைய பெட்டி ஒன்றின் பக்கவாட்டில் கைவைத்துப் பார்த்தேன். தகடுகள் சேரும் இடத்தில் பற்றவைத்த தழும்பு பெயின்ட்டையும் மீறி விரலில் தட்டுப்பட்டது.

மதியம் தியாகராய நகர், திருமலைப் பிள்ளை சாலை. காமராஜர் வாழ்ந்த வீடு, இப்போது அரசு நினைவு இல்லம். அது அவருக்குச் சொந்த வீடு அல்ல, வாடகை வீடு. ஒன்பது ஆண்டுகளுக்கும் மேல் முதல்வராக இருந்தவர், அகில இந்தியக் காங்கிரஸுக்குத் தலைவராக இருந்தவர், இரண்டு பிரதமர்கள் வரக் காரணமாக இருந்தவர் வாடகை வீட்டில் இறந்தார். கட்டில், நாற்காலி, புத்தகங்கள், சுவர் முழுக்கப் புகைப்படங்கள். எனக்குக் கண் நின்றது புத்தகங்களில்தான். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவரின் வீட்டில் இவ்வளவு புத்தகங்களா என்று வெளியூர்க்காரர் ஒருவர் பக்கத்தில் நின்று கேட்டார். "விட்டதனாலதான்" என்றார் அக்கா.

1975 அக்டோபர் 2, வியாழக்கிழமை. அவசரநிலை அறிவித்து மூன்று மாதங்கள் கடந்திருந்தன. அன்று பிற்பகல் இந்த வீட்டில் ஓய்வெடுக்கப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் கிண்டி. காந்தி மண்டபத்தைச் சுற்றி ராஜாஜி, காமராஜர், பக்தவத்சலம் மூவருக்கும் நினைவிடங்கள் இருக்கின்றன. ஒருவர் பின் ஒருவராக முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள். ராஜாஜி விலகிய பிறகு 1954-இல் காமராஜர் வந்தார். காமராஜரிடமிருந்து பக்தவத்சலத்துக்குப் பதவி போன நாள் 1963 அக்டோபர் 2. ஆமாம், அதே தேதிதான். இதைப் பற்றி விருதுநகரில் எழுதுகிறேன்.

செப்டம்பர் 29, ரயிலில்

எழும்பூரிலிருந்து வைகை எக்ஸ்பிரஸ். இரவு வண்டி வேண்டாம், பகல் வண்டிதான் என்று முன்பே முடிவு. அரியலூரை வெளிச்சத்தில் கடக்க வேண்டும்.

1956 நவம்பர் 23 அதிகாலை. சென்னையிலிருந்து தூத்துக்குடி போன எக்ஸ்பிரஸ், அரியலூரைத் தாண்டி மருதையாற்றுப் பாலத்தில் கவிழ்ந்தது. பலத்த மழை, ஆற்றில் வெள்ளம். இஞ்சினும் அடுத்தடுத்த பெட்டிகளும் தண்ணீருக்குள் போயின. 140-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். அதே ஆண்டு முன்னதாக மகபூப்நகர் அருகே நடந்த விபத்துக்குப் பிறகே சாஸ்திரி பதவி விலக முன்வந்தார், நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு மறுபடி ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். விபத்துக்கு அவர் காரணம் என்பதற்காக அல்ல, அரசியல் சட்ட நெறிக்கு ஒரு முன்மாதிரியாக இருக்கட்டும் என்பதற்காகவே ஏற்பதாக நேரு நாடாளுமன்றத்தில் சொன்னார்.

அரியலூர் நிலையம் கடந்ததும் கதவருகே போய் நின்றுகொண்டோம். சிமென்ட் ஆலைகள் உள்ள பூமி. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலை கொஞ்ச தூரம் தண்டவாளத்தோடு கூட வருகிறது. அப்புறம் பாலம். வண்டியின் சத்தம் சட்டென்று மாறி அடியில் வெற்றிடம் இருப்பது காதுக்குத் தெரிகிறது. எட்டிப் பார்த்தால் ஆற்றில் தண்ணீர் ஒரு ஓரமாகக் கொஞ்சம். மீதியெல்லாம் மணலும் புதரும். இதிலா அவ்வளவு வெள்ளம் என்று தோன்றும். வானம் பார்த்த ஆறுகளுக்கு அதுதான் சுபாவம். ஆண்டு முழுக்க ஒன்றும் இருக்காது, ஒரே ராத்திரியில் பாலத்தைத் தொடும். வண்டி வேகம் குறைக்காமல் கடந்துவிட்டது. பெட்டியில் யாரும் தலை தூக்கவில்லை. அந்த இடத்தில் என்ன நடந்தது என்று பயணிகளுக்குத் தெரிய ஒரு சிறு பலகையாவது தண்டவாளத்தருகே கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

இந்த விபத்துக்கு இன்னொரு கிளை உண்டு. அப்போது ரயில்வே துணை அமைச்சராக இருந்தவர் தமிழ்நாட்டின் ஓ.வி. அழகேசன். "அரியலூர் அழகேசா, நீ ஆண்டது போதாதா, மக்கள் மாண்டது போதாதா" என்று 1957 தேர்தலில் தி.மு.க. எழுப்பிய முழக்கத்தை அக்காவின் தலைமுறை இன்னும் மனப்பாடமாகச் சொல்கிறது. அதே அழகேசன் 1965 பிப்ரவரியில், இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் தமிழ்நாடு கொந்தளித்தபோது, சி. சுப்பிரமணியத்தோடு சேர்ந்து மத்திய அரசிலிருந்து விலகக் கடிதம் கொடுத்தார். கொடுத்தது யாரிடம்? பிரதமர் சாஸ்திரியிடம். ரயில்வேயில் தனக்கு மேலே இருந்து, அரியலூருக்காகப் பதவியை விட்ட அதே மனிதரிடம். பிறகு இருவரின் விலகலும் திரும்பப் பெறப்பட்டது. நேரு கொடுத்த மொழி உறுதிமொழியைக் காப்போம் என்று சாஸ்திரி வானொலியில் பேசினார்.

திருச்சி வந்ததும் அக்கா நோட்டில் இன்னொரு தேதியைக் குறித்தார்: ஏப்ரல் 13. ஜாலியன்வாலா பாக் படுகொலை 1919 ஏப்ரல் 13. அந்தச் செய்திதான் விருதுப்பட்டியில் (இன்றைய விருதுநகர்) பதினைந்து வயதுப் பையனாக இருந்த காமராஜரைப் பொதுவாழ்வுக்கு இழுத்தது. 1930-இல் ராஜாஜி தலைமையில் வேதாரண்யம் உப்பு யாத்திரை திருச்சியிலிருந்து புறப்பட்டது ஏப்ரல் 13. அந்தப் போராட்டத்தில்தான் காமராஜர் முதல்முறை சிறைக்குப் போனார். 1954-இல் அவர் முதல்வராகப் பொறுப்பேற்றதும் ஏப்ரல் 13. ஏப்ரல் 13-இல் தொடங்கி அக்டோபர் 2-இல் முடிகிற வாழ்க்கை.

இதில் எது தற்செயல், எது மனிதர்கள் வேண்டுமென்றே வைத்தது? உப்பு யாத்திரைக்கு அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதில் சந்தேகம் இல்லை. ஏப்ரல் 6 முதல் 13 வரை தேசிய வாரமாகக் காங்கிரஸ் கடைப்பிடித்துவந்தது. 1954 பதவியேற்பு தானாக அமைந்ததாகவும் இருக்கலாம். தேதி ஒன்றாக இருக்கிறது என்பதோடு நான் நிற்க விரும்பவில்லை. யாராவது அதைக் கையில் எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்களா என்று பார்க்கத்தான் இந்தப் பயணம்.

செப்டம்பர் 30, மதுரை

மேலமாசி வீதி 251-ஏ. கீழே கதர் விற்பனை நிலையம், மேலே காந்தி தங்கிய மாடி. 1921 செப்டம்பர் 22 அன்று காலை அந்த மாடியிலிருந்து அவர் இறங்கி வந்தபோது தொப்பி இல்லை, சட்டை இல்லை, முழங்கால் வரை ஒரு துண்டு வேட்டி மட்டும்.

பாடப் புத்தகத்தில் இது ஒரு வரியாக வந்துபோகும். நடந்தது அவ்வளவு சுருக்கமானது அல்ல. மதுரைக்கு வரும் ரயிலில், சுற்றிலும் அந்நியத் துணி உடுத்தியவர்களைப் பார்த்துக் கதர் கட்டச் சொன்னார். கதர் வாங்க எங்களுக்கு வசதி இல்லை என்று தலையாட்டினார்கள். அந்தப் பதில் அவரைத் தூங்கவிடவில்லை. கதர் வாங்க முடியாதவர்கள் கோவணத்தோடு இருந்தாலும் போதும் என்று சொல்லலாம். ஆனால் தான் முழு உடையில் இருந்துகொண்டு அதை எப்படிச் சொல்வது? அதனால்தான் அந்த முடிவு. எனக்கு ரொம்பப் பிடித்தது அவர் வைத்த கெடு. தொப்பியையும் சட்டையையும் அக்டோபர் 31 வரைக்குமாவது விடுகிறேன் என்றுதான் அன்றைய அறிக்கையில் எழுதினார். வாழ்நாள் முழுக்க என்று சொல்லவில்லை. அந்தக் கெடுவுக்குள் வந்த அக்டோபர் 2-இல் அவருக்கு 52 நிறைந்தது. கெடு முடிந்தது. சட்டை திரும்ப வரவில்லை. பத்து ஆண்டு கழித்து லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கும் அதே உடையில் போனார்.

மாடிப்படி குறுகலானது. ஏறும்போது கைப்பிடிக் கட்டை வழவழவென்று தேய்ந்திருந்தது. மேலே ஜன்னல் வழியே வீதி தெரிகிறது. இவ்வளவு பக்கத்தில் வீதி இருந்ததால் கீழே கூடியிருந்தவர்களின் முகங்களையும் உடைகளையும் அவர் அங்கிருந்தே பார்த்திருப்பார். வெளியே வந்து காமராசர் சாலையில் காந்தி பொட்டல் வரை போனோம். அந்த உடையில் அவர் முதலில் மக்கள் முன் நின்ற இடம் என்று அங்கே சிலை வைத்திருக்கிறார்கள். காந்தி பொட்டல் இருக்கிற சாலைக்குக் காமராசர் பெயர். மதுரைக்காரர்களுக்கு அது பழகிப்போன முகவரி. எங்களுக்கு அன்றைக்கு அப்படி இல்லை.

பிற்பகல் காந்தி நினைவு அருங்காட்சியகம். ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959 ஏப்ரல் 15-இல் நேரு திறந்துவைத்தது. 1948 ஜனவரி 30 அன்று அவர் உடுத்தியிருந்த துணி கண்ணாடிக்குள் இருக்கிறது. கறை பழுப்பாகிவிட்டது. மதுரையில் எடுத்த உடை மதுரைக்கே வந்து சேர்ந்திருக்கிறது. அந்த அறையில் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். அதுவரை கலகலவென்று பேசிக்கொண்டு வந்தவர்கள் அங்கே மட்டும் கிசுகிசுத்தார்கள்.

காந்தியையும் காமராஜரையும் ஒரே தேதி சேர்த்துவைத்துவிட்டதால் இருவருக்கும் நடுவே உரசலே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 1946 பிப்ரவரியில் காந்தி தனி ரயிலில் மதுரைக்கும் பழனிக்கும் வந்தார். மாநிலக் காங்கிரஸ் தலைவராகக் காமராஜர் கூடவே இருந்தார். திரும்பிப்போன காந்தி 'ஹரிஜன்' இதழில், ராஜாஜிக்கு எதிராக இங்கே ஒரு சிறு கும்பல் செயல்படுகிறது என்ற பொருளில் எழுதினார். அது தன்னைக் குறிக்கிறது என்று உணர்ந்த காமராஜர் கட்சியின் நாடாளுமன்றக் குழுவிலிருந்து விலகினார். காந்தி சொல்லிவிட்டாரே என்று வாயை மூடிக்கொள்ளவில்லை. காந்தியை விட்டுப் போகவும் இல்லை. அவர்மேல் எனக்கு மதிப்பு கூடியது இந்த இடத்தில்தான்.

அதே 1946 பயணத்தில்தான் காந்தி மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் போனார். ஒடுக்கப்பட்டவர்களுக்குக் கதவு திறக்காத கோயிலுக்குள் தானும் போவதில்லை என்று முந்தைய மதுரைப் பயணங்களில் வெளியிலேயே நின்றவர். 1939 ஜூலை 8-இல் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்டவர்களை உள்ளே அழைத்துப்போன பிறகுதான் காந்திக்கும் அந்த வாசல் திறந்தது. இதற்கும் அக்டோபர் 2-க்கும் சம்பந்தம் இல்லை. மதுரை வரை வந்துவிட்டு இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

அக்டோபர் 1, விருதுநகர்

காமராஜர் பிறந்த வீடு ஒடுங்கிய தெருவில் இருக்கிறது. இரண்டு பேர் சேர்ந்து நடந்தால் எதிரே வருபவர் ஒதுங்க வேண்டும். வாசலில் இருந்த பெரியவர் "வாங்க அண்ணாச்சி, வாங்க தாயி" என்று கூப்பிட்டு உட்காரச் சொன்னார். 1903 ஜூலை 15-இல் குமாரசாமி, சிவகாமி தம்பதிக்குப் பிறந்தவர். ஆறு வயதில் அப்பா போய்விட்டார். அம்மா கடைசி வரை இந்த ஊரிலேயே இருந்தார். மகன் முதல்வரானபோதும் சென்னைக்குப் போய்த் தங்கவில்லை. இந்த வீட்டுக்குத் தனியாகக் குடிநீர்க் குழாய் போட்டதைக் கேள்விப்பட்டு மகன் பிடுங்கச் சொன்னார் என்று பெரியவர் சொன்னார். இந்த ஊரில் எல்லோரும் சொல்லும் கதை. அந்தக் குழாய் எந்தச் சுவரோரமாக வந்திருக்கும் என்று அவர் கையால் காட்டியதுதான் எனக்குப் புதிது.

சரி, 1963-க்கு வருவோம். ஒன்பது ஆண்டு ஆட்சி. மூடிக்கிடந்த பள்ளிகளைத் திறந்தாயிற்று, மதிய உணவு தொடங்கியாயிற்று, அணைகள் கட்டியாயிற்று. கட்சி மட்டும் தளர்ந்துகொண்டிருந்தது. மூத்தவர்கள் பதவியை விட்டுவிட்டுக் கட்சி வேலைக்குத் திரும்ப வேண்டும் என்ற யோசனையை நேருவிடம் காமராஜர் வைத்தார். ஆகஸ்டில் கட்சி ஏற்றுக்கொண்டது. யோசனை சொன்னவர் முதலில் தன் பதவியை விட்டார். 1963 அக்டோபர் 2-இல் பக்தவத்சலம் பொறுப்பேற்றார். ஆகஸ்டில் எடுத்த முடிவு அக்டோபர் 2-இல் நிறைவேறியதைத் தற்செயல் என்று நான் நம்பவில்லை. காந்தி பிறந்த நாளில் பதவியிலிருந்து இறங்குவது என்பது எல்லோருக்கும் புரியும்படி எதையோ சொல்வதுதான்.

அதே திட்டத்தில் மத்திய உள்துறையை விட்டு வெளியே வந்தவர்களில் ஒருவர் சாஸ்திரி. அவருக்கு இது புதிதா என்ன, அரியலூரிலேயே செய்தவர். 1964 மே 27-இல் நேரு இறந்தார். காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜர் எம்.பி.க்களையும் முதல்வர்களையும் ஒவ்வொருவராகக் கேட்டு, மொரார்ஜி தேசாயைத் தாண்டி ஒருமனதாகச் சாஸ்திரியைக் கொண்டுவந்தார். ஜூன் 9-இல் சாஸ்திரி பிரதமர். இருவரும் பதவியை விட்டுக் காட்டியவர்கள். அந்த இருவரையும் ஒரு தேதி சேர்த்துவைத்திருக்கிறது என்று தெரியாமலேயே, இந்த வேலையைச் சேர்ந்து செய்தார்கள். 1964-இல் இருந்த யாருக்கும் அது தெரிந்திருக்க முடியாது. காமராஜர் இறக்க இன்னும் பதினோரு ஆண்டு இருந்தது. சாஸ்திரிக்கோ இரண்டு ஆண்டுகூட இல்லை. 1966 ஜனவரி 11-இல் தாஷ்கண்டில் போய்விட்டார்.

மாலையில் தேசபந்து மைதானம். இங்கே வரும்போது கொஞ்சம் மனம் கனத்தது. சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கக் கோரி 1956 ஜூலை 27-இல் சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் தொடங்கினார். காந்தியோடு தண்டி யாத்திரையில் நடந்தவர். காமராஜரின் ஊர்க்காரர். முதல்வர் காமராஜர். அந்த ஆண்டு அக்டோபர் 2 வந்தபோது சங்கரலிங்கனாரின் பட்டினி மூன்றாவது மாதத்தில் இருந்தது. நாடெங்கும் காந்திக்கு மாலை போட்டுக்கொண்டிருந்த அந்த நாளில், காந்தியின் தொண்டர் ஒருவர் காந்தியின் வழியிலேயே உயிரைக் கரைத்துக்கொண்டிருந்தார். அக்டோபர் 13-இல் இறந்தார். பெயர் மாற்றத் தீர்மானம் 1967 ஜூலை 18-இல், அண்ணா முதல்வரான பிறகு வந்தது. காமராஜரை எவ்வளவு மதித்தாலும், இந்த ஒன்றில் அவர் வேறு மாதிரி நடந்திருக்கலாம் என்றே நான் நினைக்கிறேன். அவருடைய அக்டோபர் 2-களை எண்ணும்போது 1956-ஐயும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

1967 தேர்தலில் இந்த ஊர் அவரைத் தோற்கடித்தது. 1,285 வாக்கு வித்தியாசம். வென்றவர் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் நின்ற மாணவர் தலைவர் பெ. சீனிவாசன். பெரியவரிடம் கேட்டேன். "அதைச் சொல்லாதீங்க அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னார்.

அக்டோபர் 2, கன்னியாகுமரி

காலையிலிருந்து மேகம். பத்து மணிக்குக் கடலுக்கு மேலே வெளுப்பாக ஒரு திரை மாதிரி நின்றது. காந்தி மண்டப வாசலில் வரிசை நீண்டுகொண்டே போனது. உள்ளே ராட்டை சுற்றுபவர்கள், பாடுபவர்கள், அப்பாவின் தோளில் பிள்ளைகள்.

1948 பிப்ரவரி 12-இல் கடலில் கரைப்பதற்கு முன் அஸ்திக் கலசத்தை மக்கள் பார்க்க வைத்த இடத்தில் கட்டிய மண்டபம் இது. ஒரிசா கோயில் சாயலில் கட்டியிருக்கிறார்கள். நடுக் கோபுரம் 79 அடி. 79-ஆம் வயதில் அவர் இறந்ததைச் சொல்ல. 1956-இல் முடிந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1-இல்தான் கன்னியாகுமரி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. கட்டத் தொடங்கும்போது இது திருவிதாங்கூர்-கொச்சி மண். காந்தி இங்கே 1925-இலும் 1937-இலும் வந்திருக்கிறார். இரண்டாவது முறை வந்தபோது திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேச அறிவிப்பு வந்து இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன.

அக்கா காலையிலேயே கணக்கை முடித்துவிட்டார். எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். செப்டம்பர் 23 வாக்கில் சூரியன் நிலநடுக்கோட்டைக் கடந்து தெற்கே போகிறது. அக்டோபர் 2-இல் கோட்டுக்குத் தெற்கே மூன்றரை டிகிரி. கன்னியாகுமரி கோட்டுக்கு வடக்கே எட்டு டிகிரி. இரண்டையும் கூட்டினால் உச்சியிலிருந்து தெற்கே பதினொன்றரை டிகிரி சாய்ந்து வெயில் விழும். கூரைத் துளையை அதற்கேற்ப வைத்துவிட்டால் போதும். அடுத்தது நேரம். நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைப்படி ஓடுகிறது. கன்னியாகுமரி அதற்கு ஐந்து டிகிரி மேற்கே. அதனால் இங்கே உச்சிப்பொழுது இருபது நிமிடம் தாமதமாக வர வேண்டும். ஆனால் அக்டோபர் தொடக்கத்தில் சூரியன் கடிகாரத்தைவிடப் பத்துப் பதினோரு நிமிடம் முந்தி ஓடும். கழித்தால் 12:09. "பன்னிரண்டு அடிச்சதும் வராது. அடிச்சு கொஞ்ச நேரம் கழிச்சு வரும், பாரு" என்றார்.

பன்னிரண்டாகியும் பீடத்தின் மேல் ஒன்றும் இல்லை. பின்னால் இருந்தவர்கள் சலித்துக்கொண்டார்கள். நான் மேலே பார்ப்பதை விட்டுவிட்டுப் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேகம் விலகியது முதலில் தரையில்தான் தெரிந்தது. கல் லேசாக வெளுத்தது. அப்புறம் விளிம்பு கூர்மையாகி ஒரு வெளிச்சத் துண்டு வந்து நின்றது. நின்றது என்று சொன்னாலும் அது நிற்கவில்லை. பூவிதழ் ஒன்று பாதி நிழலில் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழுக்க வெயிலுக்குள் வந்தது. பூமி சுற்றுவதை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. மறுபடி மேகம் வந்து மூடியபோது மணி 12:14. யாரோ கை தட்டினார்கள். அக்கா தட்டவில்லை, நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

பக்கத்திலேயே காமராஜர் மணிமண்டபம். அவருடைய அஸ்தியும் கடலில் கரைக்கும் முன் வைக்கப்பட்டது இங்கேதான். கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட அங்கே வரவில்லை. அவருக்கு மாலை போட்டுவிட்டுச் சிலர் கலைந்துகொண்டிருந்தார்கள். சாஸ்திரிக்கு இந்த ஊரில் ஒன்றும் இல்லை. மணிமண்டபத்துப் படங்களுக்கு நடுவே, காமராஜரின் தோளுயரத்துக்குக் கீழே நிற்கும் அந்தக் குள்ளமான உருவத்தைத் தேடிக் கண்டுபிடித்தோம். 1965 போரின்போது 'ஜெய் ஜவான், ஜெய் கிசான்' என்று நாட்டுக்குச் சொன்னவர். அன்று அவருக்கும் பிறந்தநாள்.

அக்டோபர் 3, நாகர்கோவில்

திரும்பும் வழியில் ஒரு பகல். சொந்த ஊர் தோற்கடித்த காமராஜரை இந்தத் தொகுதி 1969 இடைத்தேர்தலில் நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. குமரியைத் தமிழகத்தோடு இணைக்கப் போராடிய மார்ஷல் நேசமணி இறந்ததால் வந்த இடைத்தேர்தல் அது. 1971-இலும் இங்கேதான் வென்றார். ஆக, 1975 அக்டோபர் 2-இல் அவர் நாகர்கோவில் எம்.பி. நேற்று நாங்கள் நின்ற மண்டபம் அவருடைய தொகுதிக்குள்தான் இருந்தது.

நேற்று ராத்திரி அக்கா இன்னும் இரண்டு கணக்குப் போட்டிருக்கிறார். ஒன்று நிலாக் கணக்கு. குஜராத்தில் காந்தியின் பிறந்தநாளைத் திதிப்படியும் கொண்டாடுகிறார்கள். பாத்ரபத மாதத் தேய்பிறை துவாதசி, ராட்டை துவாதசி என்று அதற்குப் பெயர். திதிப்படி பார்த்தால் சாஸ்திரி விலகிவிடுகிறார். 1904-இல் அமாவாசை அக்டோபர் 9-இல் வந்தது. ஆனால் 1869-இலும் 1975-இலும் மகாளய அமாவாசை அக்டோபர் 5. காந்தி பிறந்த நாளிலும் காமராஜர் இறந்த நாளிலும் வானத்தில் கிட்டத்தட்ட ஒரே தேய்பிறை. இதை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, எந்த அர்த்தத்தையும் நான் இதன்மேல் ஏற்றப்போவதில்லை. தெரிந்ததும் கொஞ்ச நேரம் எதுவும் பேசத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று சூரியக் கணக்கு. கோட்டுக்குத் தெற்கே மூன்றரை டிகிரி என்ற அதே இடத்துக்குச் சூரியன் ஆண்டில் இரண்டு முறை வரும். தெற்கே போகும்போது அக்டோபர் 2. வடக்கே திரும்பும்போது மார்ச் 11, 12 வாக்கில். துளை ஒன்றுதான், சாய்வும் ஒன்றுதான் என்றால் மார்ச்சிலும் பீடத்தின் மேல் வெயில் விழத்தான் வேண்டும். 1930-இல் காந்தி சபர்மதியிலிருந்து தண்டிக்கு நடக்கத் தொடங்கியது மார்ச் 12. கட்டியவர்கள் இதை நினைத்திருக்க மாட்டார்கள் என்பது அக்காவின் கட்சி. நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்த நாட்களில் கன்னியாகுமரிப் பக்கம் போகிறவர்கள் மண்டபத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். விளம்பரம் இருக்காது, கூட்டமும் இருக்காது. மார்ச்சில் சூரியன் கடிகாரத்துக்குப் பத்து நிமிடம் பின்தங்கி வரும் என்பதால் 12 மணிக்குப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட வேண்டாம்; கணக்குப்படி 12:30.